மரபணுவில் கை வைக்காமல் செர்டோலி செல்: குருத்தணு தானாக வழி கண்டுபிடிக்குமா?

விலங்கியல்_டீச்சர் | வெள்ளி, இரவு 9:40

பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஆண் இனப்பெருக்க மண்டலம் வந்தாலே வகுப்பில் பாதிப் பேர் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் சிரிப்பை அடக்குவார்கள். அதனால் நானும் வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம். செர்டோலி செல் என்றால் "வளரும் விந்துசெல்களுக்கு ஊட்டமளிக்கும், இன்ஹிபின் சுரக்கும்" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லீடிக் செல்லுக்குப் போய்விடுவேன்.

இந்த வாரம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கைபேசியில் படித்த செய்தியோடு எழுந்து நின்றான். குருத்தணுக்களிலிருந்து, அதாவது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து, விந்தகத்தின் துணைச் செல்களை உருவாக்குகிறார்களாம், அதுவும் மரபணு மாற்றம் செய்யாமல். "மரபணுவை மாற்றாமல் ஒரு செல்லை இன்னொரு செல்லாக எப்படி மிஸ் மாற்ற முடியும்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

இங்கே ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். எப்படிச் செய்கிறார்கள்? மரபணு மாற்றம் இல்லை என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

---

ஆறுகுழித்தட்டு | வெள்ளி, இரவு 11:15

டீச்சர், அந்தப் பையனிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "நீ கருவில் இருந்தபோது உன் செர்டோலி செல்லை உருவாக்க யார் வந்து மரபணுவை மாற்றினார்கள்?" யாரும் வரவில்லை. கண், கல்லீரல், விந்தகம் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பது என்பதில்தான் வேறுபாடு.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்தச் செல்லை 1865-இல் இத்தாலியின் பாவியா நகரில் என்ரிகோ செர்டோலி என்ற இளைஞர் நுண்ணோக்கியில் பார்த்து, கிளைவிட்ட செல்கள் என்று எழுதினார். அது கருவில் எப்படித் தோன்றுகிறது என்பதற்கான முதல் பெரிய துப்பு கிடைக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவை லண்டனில் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே அதே மரபணுத் துண்டை எக்ஸ்எக்ஸ் எலிக் கருவில் செலுத்தி ஆண் எலியாகப் பிறக்க வைத்துக் காட்டினார்கள்.

எஸ்ஆர்ஒய் செய்கிற வேலை மிகச் சிறியது. எலிக் கருவில் பத்தரை நாளிலிருந்து பன்னிரண்டரை நாள் வரை, ஏறத்தாழ இரண்டே நாள்தான் அது விழித்திருக்கும். அதற்குள் சாக்ஸ்9 என்ற மரபணுவை எழுப்பிவிட்டுத் தூங்கிவிடும். குத்துவிளக்கை ஏற்றியதும் தீக்குச்சியை ஊதி அணைத்துவிடுகிறோமே, அதுபோல. அதன்பிறகு சாக்ஸ்9 தன்னைத்தானே தூண்டிக்கொண்டு எரியும். எஃப்ஜிஎஃப்9, புரோஸ்டாகிளாண்டின் டி2 போன்ற சமிக்ஞைகள் எண்ணெய் ஊற்றும். திரி பற்றிய செல் செர்டோலி ஆகிறது. சுற்றியுள்ள செல்களைக் குழலாக அடுக்குவதும், ஏஎம்எச் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையாக வளரவிருந்த குழாயைக் கரைப்பதும், லீடிக் செல் உருவாகச் சொல்வதும் அதுதான். "இரண்டு வரி" என்றீர்களே, விந்தகம் என்ற ஊருக்கே இதுதான் மணியக்காரர்.

ஆய்வகத்தில் இதைச் செய்ய இரண்டு பாதைகள்.

ஒன்று, அடித்துத் திருத்துவது. 2012-இல் அமெரிக்காவின் ஒயிட்ஹெட் நிலையத்தில் எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்லுக்குள் ஐந்து மரபணுக்களை வைரஸ் வழியாகச் செலுத்தி, கருப்பருவச் செர்டோலி போன்ற செல்லாக மாற்றினார்கள். என்ஆர்5ஏ1, டபிள்யூடி1, டிஎம்ஆர்டி1, காட்டா4, சாக்ஸ்9 என்பவை அந்த ஐந்து. 2019-இல் மனித ஃபைப்ரோபிளாஸ்டில் என்ஆர்5ஏ1, காட்டா4 என்ற இரண்டே போதும் என்று காட்டினார்கள்.

இன்னொன்று, வழிகாட்டி அழைத்துப்போவது. குருத்தணுவை எடுத்துக்கொண்டு, கருவில் அது எந்தெந்த ஊர் வழியாகப் போயிருக்குமோ அதே வரிசையில், தட்டில் ஊற்றும் மீடியத்தை, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தை, நாள் பார்த்து மாற்றுவது. முதல் சில நாள் சிர்99021 என்ற சிறு மூலக்கூறு. அது டபிள்யூஎன்டி சமிக்ஞையைத் திறந்து செல்லை மீசோடெர்ம் என்ற கருவின் நடு அடுக்குப் பக்கம் தள்ளும். பிறகு எஃப்ஜிஎஃப்9, பிஎம்பி4 போன்றவை. 2020-இல் மெல்போர்னில் வெளியான முறையில் பத்தாம் நாள் ஆணா பெண்ணா என்று முடிவாகாத பாலுறுப்பு முன்னோடியின் அடையாளங்கள் வந்தன, பதினைந்தாம் நாளுக்குள் சாக்ஸ்9, ஏஎம்எச் வந்தன. அந்தக் குழுவின் மூத்தவர் ஆண்ட்ரூ சின்க்ளேர், 1990-இல் எஸ்ஆர்ஒய் கட்டுரையின் முதல் ஆசிரியராக இருந்த அதே ஆள். தீக்குச்சியைக் கண்டுபிடித்தவரே முப்பது ஆண்டு கழித்து விளக்கைத் தட்டில் ஏற்றப் பார்த்திருக்கிறார்.

இந்த இரண்டாவது பாதையில் செல்லின் டிஎன்ஏவுக்குள் நாம் எதையும் சொருகுவதில்லை. மீடியத்தை மாற்றினால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

---

யாழ்க்கலம் | சனி, காலை 7:05

இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் 'கலம்' என்று படித்தவர்கள், உங்கள் 'செல்'லைப் பார்த்தால் கைபேசி ஞாபகம்தான் வருகிறது. அதை விடுங்கள். துணைச் செல், தாங்கு செல் என்பதெல்லாம் தூண், முட்டுக்கட்டை மாதிரி ஒலிக்கிறது. செவிலிக்கலம் என்று சொன்னால் என்ன? அகப்பாடல்களில் வரும் செவிலி, பெற்றவள் அல்லள், ஆனால் ஊட்டி வளர்த்து, ஒளித்துவைத்துக் காத்து, ஒருநாள் கையை விடுகிறவள். இந்தக் கலமும் தான் விந்தாவதில்லை. விந்தாகப் போவதை மடியில் வைத்து வளர்த்து, முடிவில் குழலின் நடுவே விட்டுவிடுகிறது.

---

ஆறுகுழித்தட்டு | சனி, காலை 8:20

அண்ணா, எடுத்துக்கொண்டேன். உவமை நீங்கள் நினைத்ததைவிட நன்றாகவே பொருந்துகிறது. செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு தடுப்பு கட்டுகின்றன, ரத்த-விந்தகத் தடுப்பு என்று பெயர். விந்துசெல்கள் பருவம் வந்தபிறகு தோன்றுபவை. உடலின் எதிர்ப்பாற்றலுக்கு அவை அந்நியர்கள். செவிலி வேலி போடாவிட்டால் சொந்த உடலே அவற்றை அடித்துவிடும். மனிதனில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும், அத்தனை நாளும் இந்த மடிதான். முதிர்ந்த விந்தணு புறப்படும்போது உதறிவிட்டுப் போகும் மிச்சத்தைக் கூட இவளே விழுங்கிச் சுத்தம் செய்கிறாள்.

---

வாதாடி | சனி, முற்பகல் 11:48

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் "மரபணு மாற்றமில்லை" என்ற பலகையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். வைரஸ் வழி மரபணு செலுத்துவதில் பத்து வருடம் ஓட்டியவன் என்பதால் கொஞ்சம் உறைப்பாகவே கேட்கிறேன்.

செர்டோலி செல் பிள்ளைக்குப் போகாது. விந்தணுவின் டிஎன்ஏதான் போகும். அப்படியிருக்க, செவிலியின் மரபணுவில் ஒரு துண்டு கூடினால் என்ன குடி முழுகிவிடும்? 2002-இல் ஜப்பானில் இதைச் செய்தே காட்டிவிட்டார்கள். செர்டோலி செல் ஒரு புரதத்தைச் சரியாகத் தராததால் மலடான எலியின் விந்தகத்தில், லென்டிவைரஸ் மூலம் அந்த மரபணுவைச் செர்டோலிக்கு மட்டும் கொடுத்தார்கள். விந்து உருவாயிற்று, குட்டிகள் பிறந்தன, குட்டிகளில் அந்த வைரஸ் துண்டு இல்லை. மரபணு மாற்றம் கெட்ட வார்த்தை என்றால் அந்தக் குட்டிகள் என்ன பாவம் செய்தன?

இரண்டாவது, சிர்99021 என்பது கருவில் இருக்கிற பொருளா? தொழிற்சாலையில் செய்த வேதிப்பொருள். அதை ஊற்றுவது "வழிகாட்டல்", மரபணுவை ஊற்றினால் "அடித்துத் திருத்தல்" என்றால், இது வெறும் சொல் விளையாட்டு.

மூன்றாவது, அந்தக் குருத்தணு எங்கிருந்து வந்தது? 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர் யாமனாகா தோல் செல்லைக் குருத்தணுவாக மாற்றியதே நான்கு மரபணுக்களை ரெட்ரோவைரஸில் ஏற்றித்தான். பிறவியே மரபணு மாற்றம், பிறகு விரதமா?

---

ஆறுகுழித்தட்டு | சனி, மாலை 4:30

வாதாடி ஐயா, உறைப்பு நன்றாகவே இருக்கிறது. மூன்றாவதிலிருந்து வருகிறேன்.

யாமனாகாவின் முதல் முறை அப்படித்தான். இப்போது பெரும்பாலும் சென்டாய் வைரஸ் பயன்படுத்துகிறார்கள். அது ஆர்என்ஏ வைரஸ், செல்லின் உட்கருவுக்குள் போகாது, டிஎன்ஏவில் சேராது, செல் பிரியப் பிரியக் கரைந்துவிடும். தானாக உதிர்ந்துபோகும் எபிசோமல் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையமும் இருக்கிறது. 2022-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொருள்களை மட்டும் வைத்தே மனிதச் செல்லைக் குருத்தணுவாக்கிவிட்டார்கள். ஆகவே பிறவித் தோஷம் இப்போது கட்டாயமில்லை.

இரண்டாவது, சிர் கருவில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது திறக்கிற கதவு கருவில் இருக்கிற கதவுதான். வேறு சாவி. கதவு திறந்தபின் உள்ளே போவதும் போகாததும் செல்லின் பாடு.

முதல் கேள்விதான் முக்கியம். பாதுகாப்பைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். எக்ஸ்-இணைந்த கடும் எதிர்ப்பாற்றல் குறைபாட்டோடு பிறந்த ஆண் குழந்தைகளுக்குப் பாரிஸிலும் லண்டனிலும் ரெட்ரோவைரஸ் மரபணு சிகிச்சை தந்தார்கள். இருபது பேரில் ஐவருக்குப் பின்னாளில் ரத்தப்புற்று வந்தது. சொருகிய துண்டு போய் உட்கார்ந்த இடம் அப்படி. பிள்ளைக்குப் போகாது என்பது சரி, ஆனால் தகப்பன் உடம்பில் அது இருக்குமல்லவா?

ஆனால் பாதுகாப்பு எனக்கு இரண்டாம் காரணம்தான். முதல் காரணம் வேறு. 2023-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையமும் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிலையமும் இணைந்து ஒரு வேலை வெளியிட்டன. எக்ஸ்ஒய் குருத்தணுக்களை மீடியம் மாற்றி மாற்றி வளர்த்தபோது அவை செர்டோலி போன்ற செல்களாயின. ஏஎம்எச் சுரந்தன, நகர்ந்தன, குழல் கட்டின. பிறகு, எக்ஸ்ஒய் குரோமோசோம் இருந்தும் பெண்ணாக வளர்ந்த ஒருவரின் செல்லிலிருந்து எடுத்த குருத்தணுவை அதே முறையில் வளர்த்தார்கள். அவருக்கு என்ஆர்5ஏ1 மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. மரபணுக்கள் தாறுமாறாகப் பேசின, குழல் கட்டவே இல்லை. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு அந்த ஒரு பிழையைத் திருத்தியதும் குழல் திரும்ப வந்தது.

இப்போது 2012, 2019 முறைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் நாம் வலிந்து புகுத்துகிற மரபணுக்களில் ஒன்று அதே என்ஆர்5ஏ1. இந்தப் பெண்ணின் செல்லில் நல்ல என்ஆர்5ஏ1-ஐப் புகுத்தியிருந்தால் பிழை மறைந்து போயிருக்கும். தேர்வு எழுதும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லிக்கொடுத்துவிட்டு "என் பிள்ளை நன்றாகப் படிக்கிறான்" என்று சொல்வது போல. செல் தன் சொந்தக் காலில் நடந்தால்தான் எந்த அடியில் தடுக்கி விழுகிறது என்று தெரியும்.

அதே ஆய்வில் கிரிஸ்பர் மரபணு மாற்றம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். அதைத்தான் சொல்ல வந்தேன்: மரபணுவைத் தொடுவது தீட்டு என்று யாரும் சொல்லவில்லை.

---

வாதாடி | சனி, மாலை 5:02

என்ஆர்5ஏ1 விஷயத்தில் தோற்றேன். பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் தோற்கவில்லை, திரும்பி வருகிறேன்.

---

விலங்கியல்_டீச்சர் | சனி, இரவு 8:10

இதைப் பாதி வகுப்புக்குச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம். தட்டில் இருக்கிற செல் செர்டோலிதான் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? அதற்கு நெற்றியில் பெயர் எழுதியிருக்காதே.

---

ஆறுகுழித்தட்டு | ஞாயிறு, காலை 6:50

டீச்சர், என் பட்டறிவையே சொல்கிறேன், கொஞ்சம் வெட்கம்தான்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு தொகுதி மிக நன்றாக வந்தது. ஆறு குழியிலும் செல்கள் செழித்து, நடுவில் சின்னச் சின்ன வளையங்கள் கட்டியிருந்தன. ஆன்டிபாடி சாயம் போட்டால் டபிள்யூடி1 பச்சையாக மின்னுகிறது, சாக்ஸ்9 சிவப்பாக மின்னுகிறது. குழல் கட்டிவிட்டது என்று படம் எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். எங்கள் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அம்மா, பாக்ஸ்2 போட்டுப் பார்த்தாயா?" என்றார். போட்டேன். தகதகவென்று ஒளிர்ந்தது. நான் வளர்த்தது சிறுநீரகம்.

இது அடிக்கடி நடக்கிற ஏமாற்றம். கருவில் சிறுநீரகமும் பாலுறுப்பும் அண்டை வீடுகள். இடைநிலை மீசோடெர்ம் என்ற தெருவில் ஒட்டி ஒட்டி வளர்பவை. டபிள்யூடி1 இரண்டுக்கும் பொது. சாக்ஸ்9 குருத்தெலும்பிலும் வரும். சிர் மருந்தை ஒரு நாள் கூடுதலாக விட்டாலே செல் தெருவின் வேறு கோடிக்குப் போய்விடும். பாலுறுப்பு முன்னோடிகளில் ஒரு பகுதி பக்கவாட்டு மீசோடெர்மிலிருந்து வரலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தெருவின் வரைபடமே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

ஆகவே அடையாள மரபணு இரண்டைக் காட்டி யாராவது "செர்டோலி செய்துவிட்டோம்" என்றால் நான் நம்புவதில்லை. வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். ஏஎம்எச் மீடியத்தில் கசிகிறதா? விந்து உருவாக்கத்தைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் கொடுத்தால் பதில் பேசுகிறதா? பக்கத்துச் செல்லோடு இறுக்கமாகப் பின்னி மின்சாரம் கசியாத வேலி போடுகிறதா? குப்பையை விழுங்குகிறதா? கடைசியாக, வளரும் விந்துசெல்லை அதன் மடியில் வைத்தால் உயிரோடு வைத்திருக்கிறதா? கடைசிக் கேள்வியில்தான் பலரும் மௌனமாகிவிடுகிறோம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாரும் பெருமையாகக் காட்டுவது ஏஎம்எச். ஆனால் ஏஎம்எச் நிறையச் சுரப்பது கருவிலும் குழந்தைப் பருவத்திலும் இருக்கிற செர்டோலிதான். பருவம் வந்ததும் அது சரிந்துவிடும், ஆண்ட்ரோஜன் ஏற்பி ஏறும், வேலி இறுகும். எங்கள் தட்டில் இருப்பது செவிலி அல்லள், செவிலி வேலைக்கு வந்திருக்கும் சிறுமி. ஒரு பையனின் விந்தகத்தில் அவள் வளர்ந்து ஆளாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. பதினைந்து நாள் தட்டிடம் அதைக் கேட்டால் எப்படி?

சரி, ஏன் இவ்வளவு பாடு? 2011-இல் யோகோஹாமாவில் பிறந்த எலிக்குட்டியின் விந்தகத் துண்டை 34 டிகிரியில் அகரோஸ் என்ற கூழின் மேல் வைத்து வளர்த்தே விந்தணு எடுத்தார்கள், குட்டியும் பிறந்தது. 34 என்பதைக் கவனியுங்கள், விந்தகம் உடம்பைவிடக் குளிர்ந்த இடத்தில் தொங்குவது சும்மா இல்லை. 2016-இல் சீனாவில் எலிக் குருத்தணுவிலிருந்தே விந்து போன்ற செல்வரை தட்டில் போனார்கள். அதற்குத் துணை இருந்தது பிறந்த எலிக்குட்டியின் விந்தகச் செல்கள். மனிதனுக்கு அந்தத் துணை எங்கே கிடைக்கும்? எந்தத் தாய் தன் கைக்குழந்தையின் விந்தகத்தைக் கொடுப்பாள்? 2020-இல் அமெரிக்காவில் மனித விந்து முன்னோடிகளை எலிக்கருவின் விந்தகச் செல்களோடு கலந்து வளர்த்தார்கள். பிள்ளை மனிதன், செவிலி எலி. தொடக்கப் படிகளுக்கு மேல் அந்தப் பிள்ளை போகவில்லை. மனிதச் செவிலி வேண்டும் என்பதன் அவசரம் அங்கே இருக்கிறது.

---

பெயர்_வேண்டாம்_12 | ஞாயிறு, பிற்பகல் 2:25

இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன். எனக்கு அறிவியல் தெரியாது, ஒரு கேள்வி மட்டும்.

திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவருக்கு விந்தணு இல்லை. திசுப் பரிசோதனை அறிக்கையில் "செர்டோலி செல் மட்டும்" என்று எழுதியிருந்தது. ஒரு தனியார் மையத்தில், இடுப்பெலும்பிலிருந்து குருத்தணு எடுத்து விந்தகத்தில் ஊசி போட்டால் புதிய செர்டோலி செல் வளரும், அதிலிருந்து விந்து வரும் என்றார்கள். மூன்று தவணை, நான்கரை லட்சம். "மரபணு மாற்றம் கிடையாது, உங்கள் செல்தான், பயமே வேண்டாம்" என்று அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். அடுத்த வியாழக்கிழமை முன்பணம் கட்ட வேண்டும். என் நகையை வைக்கலாம் என்று இருக்கிறோம். நீங்கள் எழுதியதைப் படித்தபின் கை நடுங்குகிறது. கட்டலாமா?

---

ஆறுகுழித்தட்டு | ஞாயிறு, பிற்பகல் 2:31

அக்கா, கட்டாதீர்கள். மருத்துவர் ஒருவர் வந்து விவரமாகச் சொல்லட்டும், அதுவரை தயவுசெய்து கட்டாதீர்கள்.

---

ஆண்நல_மருத்துவர் | ஞாயிறு, இரவு 10:05

அம்மா, அறிக்கையின் சொற்களையே மறுபடி பாருங்கள். "செர்டோலி செல் மட்டும்". உங்கள் கணவரிடம் செர்டோலி செல் இருக்கிறது. இல்லாதது விந்தாக வளர வேண்டிய செல். வீட்டில் செவிலி இருக்கிறாள், தொட்டில் காலி. அந்த வீட்டுக்கு இன்னொரு செவிலியை நாலரை லட்சத்துக்கு விற்கப் பார்க்கிறார்கள். சிலருக்கு இருக்கிற செர்டோலி செல்லே முதிராமலோ கோளாறாகவோ இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இடுப்பெலும்பு மஜ்ஜையைக் குத்தி எடுத்து விந்தகத்தில் ஏற்றினால் அது செர்டோலியாகும் என்று யாரும் நிறுவவில்லை. மேலே அந்தப் பெண் பதினைந்து நாள் மீடியம் மாற்றிச் செய்கிற வேலை வேறு, இந்த ஊசி வேறு. பெயர் மட்டும் ஒன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறி தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர மற்றவை எல்லாம் ஆய்வு நிலை. அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள்தான் செய்யலாம், விளம்பரம் செய்து விற்கக் கூடாது. ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்குவது முறையல்ல. அந்தத் தாளில் ஆய்வுப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

"மரபணு மாற்றம் இல்லை" என்பதை அவர்கள் அச்சடித்ததுதான் எனக்குக் கோபம். விஷம் கலக்காத தண்ணீர் என்று சொல்லி வெறும் பாட்டிலை விற்பது போல. மாற்றவில்லைதான், எதையுமே செய்யவில்லையே.

செய்ய வேண்டியது இது. ரத்தத்தில் எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். குரோமோசோம் பரிசோதனை செய்யுங்கள், எக்ஸ்எக்ஸ்ஒய் என்று வருபவர்கள் உண்டு. ஒய் குரோமோசோமில் விந்து உருவாக்கத்துக்கு வேண்டிய ஏஇசட்எஃப் பகுதி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஇசட்எஃப்-ஏ முழுதாக விடுபட்டிருந்தால் அறுவை செய்து தேடியும் பயனில்லை, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது வீண் கத்தியைத் தவிர்க்கும். இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. திசுப் பரிசோதனை என்பது ஒரு வயலில் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் பார்ப்பது. வேறு மூலையில் நாலு பயிர் இருக்கலாம். நுண்ணோக்கியின் கீழ் விந்தகத்தைத் திறந்து, தடித்த குழல்களாகத் தேடி எடுக்கும் மைக்ரோ-டெசி அறுவையில் "செர்டோலி மட்டும்" என்று எழுதப்பட்ட சிலருக்கும் விந்தணு கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கொடையாளி விந்து, தத்து என்று பேச வேண்டியிருக்கும். அதையும் உங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்கிற மருத்துவரிடம் போங்கள்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

---

பெயர்_வேண்டாம்_12 | ஞாயிறு, இரவு 10:40

பதிவு எண் எதுவும் இல்லை ஐயா. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அவரிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். "எனக்குச் செவிலி இருக்கிறாளாமே" என்று சிரித்தார். பல மாதம் கழித்து இந்த விஷயத்தில் அவர் சிரித்துப் பார்க்கிறேன். பரிசோதனைகளுக்கு நாளை எழுதி வாங்குகிறோம்.

---

வாதாடி | திங்கள், காலை 9:15

திரும்பி வருகிறேன் என்று சொன்னேனே, வந்துவிட்டேன். அந்த அம்மாவின் பதிவைப் படித்தபின் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது, ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும்.

"மரபணு மாற்றம் செய்யவில்லை" என்பது வேறு, "மரபணு மாறவில்லை" என்பது வேறு. குருத்தணுவை மாதக்கணக்கில் தட்டில் வளர்த்தால் அது தானே மாறும். 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு இரட்டிப்பது உலகமெங்கும் ஆய்வகங்களில் வருகிற வியாதி. சாகாமல் தப்பிக்க உதவும் மரபணு ஒன்று அங்கே இருப்பதால் அந்தச் செல்கள் மற்றவற்றை முந்திக்கொள்கின்றன. 12, 17 குரோமோசோம்கள் கூடுவதும் உண்டு. ஒய் குரோமோசோம் தொலைவதும் உண்டு. 2023-இல் ஜப்பானில் ஆண் எலியின் குருத்தணுக்களில் ஒரு சிறு பங்கு தானாகவே ஒய்-ஐ உதிர்த்துவிட்டதைப் பயன்படுத்தி, ஆண் எலியின் செல்லிலிருந்து முட்டையே செய்தார்கள். 630 கருக்களை வைத்து ஏழு குட்டிகள். ஒய் போனால் உங்கள் தீக்குச்சி போச்சு. எனவே பலகையில் எழுதுவதோடு நிற்காமல் ஒவ்வொரு சில தலைமுறைக்கும் குரோமோசோமை எண்ணிப் பாருங்கள். முழுதாக மாறாமல் மிஞ்சிய குருத்தணு ஒன்றிரண்டு உடம்புக்குள் போனால் கட்டியாகும், அதையும் மறக்க வேண்டாம்.

---

ஆறுகுழித்தட்டு | திங்கள், காலை 9:50

மறுப்பதற்கு ஒன்றும் இல்லை ஐயா. எங்கள் குருத்தணு வரிசைகளில் ஒன்று இப்படித்தான் போன ஆண்டு குப்பைக்குப் போயிற்று. ஆறு மாத உழைப்பு.

---

விலங்கியல்_டீச்சர் | திங்கள், மாலை 6:30

இன்று வகுப்பு எடுத்தேன். நாற்பது நிமிடமும் செர்டோலிக்கே போய்விட்டது, லீடிக் நாளைக்கு. குத்துவிளக்கைத்தான் சொன்னேன். செவிலி என்றதும் தமிழ் ஐயாவின் பாடமும் சேர்ந்து நினைவுக்கு வந்துவிட்டது போலும், யாரும் புத்தகத்துக்குள் ஒளியவில்லை.

முதல் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "என் தோல் செல்லை எடுத்துக் குருத்தணுவாக்கி, அதே மீடியத்தை ஊற்றினால் செர்டோலி வருமா?" நான் எக்ஸ்எக்ஸ், எஸ்ஆர்ஒய் இல்லை, வராது என்றேன். அவள் விடவில்லை. "தீக்குச்சி இல்லை, சரி. விளக்கும் எண்ணெயும் என்னிடம் இருக்கிறதா?" இதற்கு என்ன சொல்வது?

---

ஆறுகுழித்தட்டு | திங்கள், இரவு 11:20

அவளிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். சாக்ஸ்9 ஒய் குரோமோசோமில் இல்லை, 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, அவளுக்கும் இரண்டு படிகள். பெண்ணில் அதை எரியவிடாமல் வாழ்நாள் முழுக்க மூடிவைப்பவர் உண்டு. 2009-இல் வளர்ந்த பெண் எலியின் சூலகத்தில் ஃபாக்ஸ்எல்2 என்ற ஒரே மரபணுவை நீக்கினார்கள். எஸ்ஆர்ஒய் இல்லாமலேயே அங்கிருந்த செல்கள் செர்டோலி போல மாறத் தொடங்கின. 2011-இல் மறுதலை: ஆண் எலியின் செர்டோலியில் டிஎம்ஆர்டி1-ஐ நீக்கினால் அது சூலகச் செல் போல மாறுகிறது. இரண்டு வீட்டிலும் இரண்டு சமையல் குறிப்பும் இருக்கிறது, ஒன்றை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்க இரண்டு முறையும் மரபணுவில்தான் கை வைத்தார்கள். மீடியம் மட்டும் ஊற்றி அவளுடைய செல்லைத் திருப்ப எனக்கு வழி தெரியாது. பிளஸ் டூ முடித்தபின் அவளை இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள்.

---

யாழ்க்கலம் | செவ்வாய், காலை 6:15

தங்கச்சி, உங்கள் தட்டு என்னவாயிற்று? பதினைந்தாம் நாள் இந்த வாரம் என்று வேறோர் இழையில் எழுதியிருந்தீர்களே.

---

ஆறுகுழித்தட்டு | செவ்வாய், இரவு 9:05

இன்றுதான் அண்ணா. காலையில் ஒவ்வொரு குழியிலிருந்தும் கொஞ்சம் மீடியம் எடுத்து ஏஎம்எச் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் எலைசா சோதனை போட்டேன். இடையில் முக்கால் மணி நேரம் மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் பிடிக்கும்வரை இன்குபேட்டர் கதவை யாரும் திறக்காதபடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாலை ஐந்து மணிக்கு நிறம் வந்தது. ஆறு குழியில் இரண்டு மட்டும் மஞ்சள், அதிலும் ஒன்று வெளிர். மற்ற நான்கும் தண்ணீர் மாதிரி.

நான்கும் சிறுநீரகமா என்று பார்க்க நாளைக்குப் பாக்ஸ்2 போடுகிறேன்.